காரணம்: வெளியே போக வேண்டும்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பயணிகள் நலச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் போக்குவரத்துத் துறை அதிகாரிகளே, என்னோடு வண்டி ஓட்டும் தோழர்களே, தோழியரே, சக்கர நாற்காலிகளிலும், ஊன்றுகோல்களோடும், யாரோ ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டும் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் பயணிகளே, எல்லோருக்கும் முன்பாக, இதோ எனக்கு நேர் எதிரே அமர்ந்திருக்கும் கொத்தனார் மாமா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. என் வேலையில் நான் எப்போதும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பவள். உங்கள் முகங்களை நான் பார்த்ததெல்லாம் தலைக்கு மேல் இருக்கும் அந்தச் சிறிய கண்ணாடியில்தான். இன்று இத்தனை முகங்களையும் நேருக்கு நேர் பார்க்கும்போது, நேற்றுவரை தெரிந்தவர்கள்தானா இவர்கள் என்று ஒரு மயக்கம் வருகிறது. இந்த நாலைந்து நாட்களாக எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல.

எங்கள் பயண ஒருங்கிணைப்பாளர், சுற்றுவழி அக்கா, மறைந்துவிட்டார். மறைந்துவிட்டார் என்று வாய் சொல்கிறது. மனம் இன்னும் அந்த வளைவில் திரும்பவில்லை.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பேருந்துப் படி ஏற முடியாத முதியவர்களுக்காகவும் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் அரசுப் பணத்தில் ஓடும் வேன்கள் எங்களுடையவை. தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு வருவோம். மறுபடி வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவோம். அந்தத் தொலைபேசியை எடுத்தவர் அக்கா. யாரை எந்த வண்டியில் ஏற்றுவது, எந்தத் தெரு வழியாகப் போவது, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் சண்டை வராது என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அக்கா. சன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் வெயில் பட்டே அறியாத ஊர் வரைபடம் ஒன்று. அங்கே உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஊரையே பார்ப்பார்.

சுற்றுவழி என்ற பெயர் எப்படி வந்தது? கேலியாகத்தான் வந்தது! மருத்துவமனைக்குக் கடைத்தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். அக்கா விடமாட்டார். ஏரிக்கரைச் சாலையாகப் போகச் சொல்வார். கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒருநாள் வந்து கத்தினார்.

"ஏம்மா, டீசல் என்ன குழாயிலயா வருது? நேர் ரோடு இருக்கும்போது எதுக்கும்மா ஊரைச் சுத்துறீங்க?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "நேர் ரோட்டுல குழி இருக்கு சார். சுத்து ரோட்டுல மரம் இருக்கு. முதுகெலும்பு ஒடிஞ்சவங்களை எந்த ரோட்டுல கூட்டிட்டுப் போகட்டும்னு நீங்களே சொல்லுங்க."

 

அன்பார்ந்தவர்களே! நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் கேன்களை இறக்கிவிட்டுப் பறக்க வேண்டிய வேலை. அதே கையோடு இங்கே வந்து, அதே வேகத்தில் வேனை ஓட்டினேன். முதல் வாரமே அக்கா கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டியின் பின்பகுதியில் ஒரு சக்கர நாற்காலியில் என்னை உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்துக் கட்டி, இன்னொரு ஓட்டுநரிடம், "இவ எப்படி ஓட்டுவாளோ அப்படியே ஓட்டுங்க" என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் வயிறு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பால் கேனு வாய் திறந்து சொல்லாது. இவங்களும் சொல்லமாட்டாங்கம்மா, பாவம், அடுத்த தடவை கூப்பிடாம விட்டுருவீங்களோன்னு பயம்" என்றார்.

அன்றிலிருந்துதான் எனக்கு ஆமை என்று பெயர். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு என் உண்மைப் பெயர் தெரியாது. தெரிய வேண்டாம். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது தையல் அம்மாவின் கதை. அவர் நம்மிடையே இருக்கிறார். அந்தத் தூணுக்குப் பக்கத்தில், நீலச் சால்வை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் துணியைத் தைத்துக்கொடுத்தவர். வயதான காலத்தில் கண்பார்வை போய்விட்டது. மகன் நல்லவர், மருமகள் நல்லவர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒருநாள் அவரே எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது அக்காவின் மேசையருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா போகணும்?" என்று அக்கா கேட்டார்.

"எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லைன்னா?"

"வெளிய போகணும். அவ்ளோதான். வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து எனக்கு எது சுவரு, எது நானுன்னே தெரியல."

அக்கா பேனாவை மூடி வைத்தார், திறந்தார். எங்கள் விதியில் அப்போது மூன்றே காரணங்கள் இருந்தன: மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் யாரும் வண்டி ஏற முடியாது. யோசித்துப் பாருங்கள்! நோய், பணம், முத்திரை. ஒரு மனிதருக்கு வெளியுலகில் இருப்பது இவ்வளவுதானா?

அக்கா மேலதிகாரியிடம் போனில் பேசினார். மேலதிகாரி கெட்டவர் அல்ல. "இதுக்கா இவ்ளோ யோசனை? ஆஸ்பத்திரின்னு போட்டு அனுப்பிடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?" என்றார்.

எல்லோரும் செய்வதுதான். நானாக இருந்தால் மறுபேச்சில்லாமல் செய்திருப்பேன். நீங்களும் செய்திருப்பீர்கள். அக்கா செய்யவில்லை. "அவங்க நோயாளி இல்ல சார். நான் ஆஸ்பத்திரின்னு போட்டேன்னா, அவங்க இன்னைக்கு மட்டும் ஏறிக்கலாம். வெளிய போறதுக்கு ஒருத்தருக்கு உரிமை இருக்குன்னு என்னைக்கும் ஆகாது" என்றார்.

"அப்ப உங்க இஷ்டம். பின்னாடி கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில், 'வெளியே போக வேண்டும்' என்று எழுதினார்.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. தையல் அம்மாவை என் பின்னிருக்கையில் சன்னலோரம் உட்கார வைத்தேன். அந்த வண்டியில் வழக்கமாக வருபவர்கள் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும், மூட்டுவலிக்காரர்களும், பாதித் தூக்கத்தில் இருப்பவர்களும்தான். ஏரிக்கரையில் பனி தண்ணீரையும் சாலையையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்று எனக்கே சந்தேகம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈரக்காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, தையல் அம்மா கேட்டார்: "இப்ப என்ன போகுது?"

 முடிதிருத்தும் கடை வைத்திருந்த அண்ணன், சிறுநீரகம் கெட்டு வாரத்தில் பாதி நாள் மருத்துவமனையில் கிடந்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மரம்மா. வரிசையா மரம்."

"இப்ப?"

"தண்ணி."

"இப்ப?"

அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். வண்டி பேருந்து நிலையத்தைக் கடந்துகொண்டிருந்தது. எச்சிலும் குப்பையுமாகக் கிடந்த இடம். என்ன நினைத்தாரோ, "கப்பலும்மா. பெரிய வெள்ளைக் கப்பல்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பேருந்து காது கிழிய ஹாரன் அடித்தது.

"ஏம்பா," என்றார் தையல் அம்மா, "உன் கப்பலு பஸ்ஸு மாதிரி கத்துதே?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவ்வளவு சிரிப்பு! இருமிக்கொண்டு சிரித்தார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வருடக்கணக்காக ஒரே வண்டியில் வந்தும் பெயர் கேட்டுக்கொள்ளாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு அந்த வண்டியில் வழக்கமே மாறிவிட்டது. ஒருவர் மலை காட்டுவார். ஒருவர் யானைக் கூட்டம் காட்டுவார். தையல் அம்மா, "யானை எத்தனை? கன்னுக்குட்டி இருக்கா?" என்று விவரம் கேட்பார். சில காலைகளில், என்னை நம்புங்கள், முன்கண்ணாடியில் நான் பனியைத்தான் பார்த்தேனா, அவர்கள் சொன்னதைத்தான் பார்த்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மாலையில் அக்கா கேட்பார்: "இன்னைக்கு எந்த ஊருக்குடி போனீங்க?"

நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்தச் சன்னலில்லாத அறையில் அவருக்கு அதுதான் காற்று.

முடிதிருத்தும் அண்ணன் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். மறுநாளே அவர் இருக்கையில் வேறொருவரை ஏற்றச் சொன்னார் அக்கா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாள் அந்த சீட்டைச் சும்மா விடக்கூடாதாக்கா? மனசாட்சி இல்லையா?" என்று கேட்டேன். "சீட்டு அழாதும்மா. வெளிய ஒருத்தர் எத்தனையோ நாளா காத்துட்டு இருக்காரு" என்றார். குரலில் ஓர் அசைவில்லை. மதியம் எதையோ எடுக்க உள்ளே போனபோது பார்த்தேன்: சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருக்கிறது. தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மாலை திரும்பும் வண்டியில் யாரும் மலையும் காட்டவில்லை, யானையும் காட்டவில்லை. பேருந்து நிலையம் வந்தது. தையல் அம்மா தானாகவே சொன்னார்: "இப்ப கப்பல் போகுது." புதிதாக ஏறியவர் ஒன்றும் புரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது.

சபையோரே! கேள்வி வரும் என்று மேலதிகாரி சொன்னார் அல்லவா? வந்தது. 'வெளியே போக வேண்டும்' என்ற காரணம் பக்கத்துக்குப் பக்கம் பெருகிக்கொண்டே போனதை மேலிடத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் உல்லாசப் பயணமா என்று கேட்டார்கள். இனி மருத்துவமனைக்கு மட்டும்தான் வண்டி. வங்கி கூடக் கிடையாது. மிச்சமாகும் வண்டிகள் வேறு துறைக்குப் போகும் என்றார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் தலைமை அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லலாம் என்றும் சொன்னார்கள். நேரில்! மாடியில்!

அக்கா அந்த அறிவிப்பை எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, என்றுமில்லாத ஒரு சிரிப்புச் சிரித்தார். "தலைமை அலுவலகம் அரசு அலுவலகம்தானே?" என்றார். "புது உத்தரவு இன்னும் வரலை. அரசு அலுவலகத்துக்குப் போக நம்ம ஆளுங்களுக்கு வண்டி உண்டு."

அந்தக் காலையை நான் எப்படிச் சொல்வேன்! எங்கள் வண்டிகள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிக்கரை வழியாகப் போயின. ஆமை வேகத்தில். சாலையில் போனவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வண்டிகளுக்குள்ளே, நல்ல உடை உடுத்தி, தலை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தீர்கள் நீங்கள். தலைமை அலுவலக வாசலில் வரிசையாக நிறுத்தினோம். மின்தூக்கி ஓடவில்லை. அது ஓடி எத்தனையோ காலம் ஆயிற்றாம். மேலே அதிகாரிகள் காத்திருந்தார்கள். கீழே நாம் காத்திருந்தோம். அலுவலக உதவியாளர் மூச்சு வாங்க இறங்கி வந்து, "யாராச்சும் ஒரு பிரதிநிதி மட்டும் மேல வரச் சொல்றாங்க" என்றார்.

"நான் பிரதிநிதி இல்லண்ணே, போன் எடுக்குறவ" என்றார் அக்கா. "இவங்க சார்பா நான் பேசினா, அப்புறம் இவங்க எதுக்கு வெளிய வரணும்? இவங்க வந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

வெகுநேரம் ஆனது. வெயில் ஏறியது.  வேலை போகலாம் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். பிறகு, படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்திருந்த அதிகாரி அம்மையார் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். உட்கார இடமில்லை. "ஏறுங்கம்மா" என்று சக்கர நாற்காலி ஏற்றும் என் வண்டியின் சாய்பலகையை இறக்கினேன். ஏறினார்கள்! விசாரணைக் கூட்டம் எங்கள் வேனுக்குள் நடந்தது.

கொத்தனார் மாமா, உங்களை நான் இங்கே சொல்லியே ஆக வேண்டும். அக்காவின் கணவர் இவர். சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு போனவர். ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவர், தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் கிடந்தவர். அக்கா இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். அன்று மாமா சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, இந்த உலகத்துல எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் டாக்டருங்களும் நர்சுங்களும்தான்னு ஆயிடும்மா. நான் கட்டின வீடெல்லாம் இன்னும் நிக்குதா, யாராச்சும் இடிச்சுட்டாங்களான்னு நான் பாக்க வேண்டாமா?"

அம்மையார் தையல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "கண்ணும் தெரியலைங்கிறீங்க. வெளிய போய் என்னம்மா பண்ணுவீங்க?"

"நீங்க லீவு நாள்ல வெளிய போனா என்னம்மா பண்ணுவீங்க?"

அம்மையார் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, அலுவலக மதிலும் ஒரு வேப்பமரமும்தான். ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பண்றதில்லம்மா," என்றார் கடைசியில். "சும்மா போவேன்."

வண்டிகள் நம்மிடமே இருந்தன, அன்பர்களே! விதியில் நான்காவது காரணம் சேர்ந்தது: 'சொந்த விருப்பம்'. அரசாங்க எழுத்தில், அச்சில், முத்திரையோடு!

ஆனால் அக்காவுக்கு என்ன கிடைத்தது? அனுமதியில்லாமல் எல்லா வண்டிகளையும் ஒரே இடத்துக்கு அனுப்பியதாகக் கண்டனம் கிடைத்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். கடைசிவரை அதே அறை, அதே நாற்காலி. "இந்த நாற்காலி என் இடுப்புக்குப் பழகிடுச்சு, மேல போனா முதுகுவலி வரும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவருக்கு வலித்தது என்று யாராவது ஒருவர் ஒருமுறையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்காகச் சொல்கிறேன்.

முடிவு எப்படி வந்தது? மெதுவாக, யாரையும் எழுப்பாமல் வந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றார்கள் மருத்துவர்கள். மதியம் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் படுத்துக்கொள்வார். தூக்கத்திலும் அக்கா வேலை பார்ப்பார் என்று மாமா எனக்குச் சொல்லியிருக்கிறார். தூங்கிக்கொண்டே, "வண்டி வந்துட்டே இருக்கு," "கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க" என்று முணுமுணுப்பாராம். மாமா பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாராம். அன்று மதியமும் பேசினார். "அவசரம் இல்ல, மெதுவா வாங்க, வண்டி நிக்கும்" என்றாராம். வாசற்படி இறங்கத் தடுமாறும் யாரையோ கனவில் பார்த்திருக்கிறார். "யாருகிட்ட பேசுற?" என்று மாமா கேட்டார். பதில் இல்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது.

எங்கே போனீர்கள் அக்கா? எந்தக் கரையோரமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்? சன்னலோரம் இடம் கிடைத்ததா? அங்கேயாவது உங்களை யாராவது உட்காரச் சொல்லி, வேடிக்கை பார்க்கச் சொன்னார்களா?

பெரியோர்களே! இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். எங்கள் உறுதிமொழி பெரியதல்ல. நான்காவது காரணத்தை யாரும் அழிக்க விடமாட்டோம். பொய்க் காரணம் சொல்லி யாரையும் வண்டியேற்ற மாட்டோம். உண்மைக் காரணம் சொன்ன யாரையும் இறக்கிவிட மாட்டோம். இதற்குச் சம்மதம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்த முடியாதவர்கள் மனத்தில் நினைத்தால் போதும், எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். புதிதாக ஒருவர் வரும்வரை அக்காவின் தொலைபேசியை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை ஓர் அம்மா கூப்பிட்டார். எனக்கு முன்பின் தெரியாதவர். எங்கள் வண்டியில் ஒருமுறைகூட ஏறாதவர்.

"அந்த அக்கா இல்லையா?" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாடிப்படியில விழுந்ததுல இருந்து நான் வாசலைத் தாண்டினதே இல்லம்மா," என்றார் பிறகு. "எனக்குப் பயம். அவங்க வாராவாரம் போன் பண்ணி, இந்த வாரம் வர்றீங்களான்னு கேப்பாங்க. நான் வேண்டாம்னுவேன். சரிம்மா, அடுத்த வாரம் கேக்குறேன்னு வச்சிடுவாங்க. ஒரு தடவைகூட கோவிச்சுக்கிட்டது இல்ல. இந்த வாரம் போன் வரலையேன்னுதான் நானே பண்ணினேன்."

 என்ன சொல்வதென்று தெரியாமல், அக்கா கேட்டிருக்கக்கூடியதையே கேட்டேன். "இந்த வாரம் வர்றீங்களாம்மா?"

"நாளைக்கு வண்டி இருக்கா?"

"இருக்கும்மா. எங்க போகணும்?"

"அது..." என்று இழுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "ஏறினப்புறம் சொல்றேனே."

நாளைக் காலை நான் அந்த வாசலில் நிற்பேன். வணக்கம்.